வைமார் ரஷ்யா: வராமல் போன பாசிசமா, வேறு வாசலில் வந்ததா?

வைகைக்கரையான்:

1990களின் ஆங்கிலப் பத்திரிகைகளைப் புரட்டினால் "வைமார் ரஷ்யா" என்ற சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். வைமார் என்பது 1919 முதல் 1933 வரை இருந்த ஜெர்மன் குடியரசின் பெயர். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி, பணவீக்கம், அவமானம், வலுவில்லாத குடியரசு, கடைசியில் ஹிட்லர். அதேபோல் பனிப்போரில் தோற்ற ரஷ்யா, பணவீக்கம், அவமானம், தள்ளாடும் குடியரசுத் தலைவர் யெல்த்சின், கடைசியில் யார்? இப்படிக் கேட்டுவிட்டுக் கட்டுரையை முடிப்பார்கள்.

பயந்ததற்குக் காரணம் இருந்தது. 1992 ஜனவரி 2 அன்று, பொருளாதாரச் சீர்திருத்தத்தை நடத்திய கய்தாரின் அரசு விலைக் கட்டுப்பாட்டை எடுத்தது. அந்த ஓராண்டில் மட்டும் விலைவாசி சுமார் 26 மடங்கு ஏறியது. வாழ்நாள் முழுக்க அரசு வங்கியில் சேர்த்த பணத்தில் ஒரு ஜோடிச் செருப்புகூட வாங்க முடியாத நிலை. ஆண்களின் சராசரி ஆயுள் 1990இல் 64 வயதை ஒட்டி இருந்தது. 1994இல் 58க்குக் கீழே போய்விட்டது. பெரும்போர் எதுவும் இல்லாத காலத்தில் இப்படி ஒரு சரிவு! போதாக்குறைக்கு, ஒரே இரவில் இரண்டரைக் கோடி ரஷ்யர்கள் வேறு நாடுகளின் குடிமக்கள் ஆகிவிட்டார்கள்.

1993 டிசம்பர் 12 அன்று தேர்தல். தாராளவாத ஜனநாயகக் கட்சி என்று பெயர் வைத்துக்கொண்டு இரண்டுமாக இல்லாத தீவிரத் தேசியவாதி ஷிரினோவ்ஸ்கி 22.9 சதவீதம் வாங்கிக் கட்சிப்பட்டியல் வாக்குகளில் முதலிடத்துக்கு வந்தார். கய்தாரின் கட்சிக்கு 15.5தான். அன்றிரவு வெற்றியைக் கொண்டாட கிரெம்ளினில் தொலைக்காட்சி நேரலையோடு விருந்து ஏற்பாடாகியிருந்தது. முடிவுகள் வர வர எல்லோர் முகமும் தொங்கிப்போனது. எழுத்தாளர் யூரி கர்யாகின் கேமரா முன்னாலேயே, ரஷ்யாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பொங்கிவிட்டுப் போனார்.

ரஷ்யச் சிப்பாய்கள் இந்தியப் பெருங்கடலில் பூட்ஸ் கழுவும் நாள் வரும் என்று எழுதியவர் இந்த ஷிரினோவ்ஸ்கி. நம்ம கடல்தான்.

ஆனால் அவர் ஆட்சிக்கு வரவில்லை. கறுப்புச் சீருடைக்காரர்களும் வரவில்லை. ஏன்? இல்லை, வந்துவிட்டதை நாம் பார்க்கவில்லையா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

அண்ணே, அந்த ஒப்பீட்டிலேயே ஓட்டை இருக்கிறது. ஜெர்மனியில் பணவீக்கம் உச்சத்தில் இருந்தது 1923இல். அந்த ஆண்டு ஹிட்லர் மியூனிக்கில் கலகம் செய்து தோற்றுச் சிறைக்குப் போனார். 1928 தேர்தலில் நாஜிக் கட்சிக்கு 2.6 சதவீதம். 1930இல் 18.3. 1932 ஜூலையில் 37.3. அவர்களைத் தூக்கிவிட்டது பணவீக்கம் இல்லை, 60 லட்சம் பேரின் வேலையின்மை. வேலையில்லாத இளைஞனுக்குச் சூப்பும் சீருடையும் சண்டை போடத் தெருவும் கொடுத்தார்கள்.

ரஷ்யாவில் ஆலைகள் ஆட்களை வெளியே தள்ளவில்லை. வேலையில் வைத்துக்கொண்டே மாதக்கணக்கில் சம்பளம் கொடுக்காமல் விட்டார்கள். சில ஆலைகளில் சம்பளத்துக்குப் பதிலாக ஆலையில் செய்த பாத்திரத்தையும் துணியையும் கொடுத்து, விற்றுக்கொள் என்றார்கள். அதனால் தொழிலாளி ஆலையைவிட்டு விலகவில்லை. பாக்கி வரும் என்று காத்திருந்தார். சனி ஞாயிறு ஊருக்கு வெளியே இருக்கும் தச்சா நிலத்தில் உருளைக்கிழங்கு போட்டார். கிழங்கு தோண்டுகிறவருக்கு அணிவகுப்புக்கு ஏது நேரம்?

இன்னொன்று, வைமார் ஜெர்மனி சங்கங்களின் நாடு. முன்னாள் படைவீரர் சங்கம், உடற்பயிற்சிக் கழகம், பாட்டுக் குழு, தேவாலய மன்றம் என்று எல்லாவற்றுக்கும் அமைப்பு இருந்தது. நாஜிகள் அவற்றுக்குள் புகுந்து வளர்ந்தார்கள். 70 ஆண்டு ஒரே கட்சி ஆண்ட ரஷ்யாவில் அப்படிப் புகுவதற்கு எதுவும் மிச்சமில்லை. பர்காஷோவ் 1990இல் தொடங்கிய 'ரஷ்யத் தேசிய ஒற்றுமை' அமைப்பைத்தான் பெரிய ஆபத்தாகப் பார்த்தார்கள். ஸ்வஸ்திகாவைக் கொஞ்சம் திருத்திய சின்னம், கறுப்புச் சட்டை, கை தூக்கி வணக்கம், எல்லாம் உண்டு. தாராளமாகக் கணக்குப் போட்டாலும் ஆட்கள் சில பத்தாயிரத்தைத் தாண்டாது. 1932இல் ஹிட்லரின் புயல் படையில் நான்கு லட்சம் பேர். 1999 தேர்தலுக்குப் பர்காஷோவ் வேறு பெயரில் ஒரு பட்டியலைக் கொண்டுவந்தார். அதையும் பதிவு ரத்து என்று நீக்கிவிட்டார்கள். மறு ஆண்டே அமைப்பு உடைந்தது.

சும்மா_ஒருத்தன்:

ஹிட்லரை வென்ற நாளான மே 9ஐ யாருமே சொல்லவில்லையே. 2 கோடியே 70 லட்சம் பேரைப் பலிகொடுத்து ஹிட்லரைத் தோற்கடித்த நாட்டில் ஸ்வஸ்திகாவைக் குத்திக்கொண்டு ஓட்டுக் கேட்டால் பாட்டிமாரே கைத்தடியால் அடிப்பார்கள்.

பழைய_தோழர்:

ஷிரினோவ்ஸ்கியையும் பர்காஷோவையும் பற்றி இத்தனை பேசுகிறீர்கள். டாங்கியைக் கொண்டுவந்து நாடாளுமன்றத்தைச் சுட்டது யார்? ருஷ்யாவின் 'ஜனநாயகவாதி' யெல்த்சின். 1993 செப்டம்பர் 21 அன்று 1400ஆம் எண் ஆணை போட்டு, அரசியல் சட்டத்தில் இல்லாத அதிகாரத்தால் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். அவர்கள் மறுத்தார்கள். அக்டோபர் 4 காலையில் வெள்ளை மாளிகை என்று அவர்கள் சொல்லும் அந்தக் கட்டடத்தின் மேல் மாடிகள் கரிந்தன. அந்த இரண்டு நாளில் இறந்தவர்கள் அரசுக் கணக்குப்படியே 150ஐ நெருங்கும். மேலை நாடுகள் கைதட்டின.

உள்ளே இருந்தவர்களுக்கு 'செம்பழுப்பு' என்று பட்டம் கட்டினார்கள். கம்யூனிஸ்டின் சிவப்பும் நாஜியின் பழுப்பும் ஒன்றாம்! கம்யூனிஸ்டுக்கு ஓட்டுப் போட்டவர்கள் ஓய்வூதியம் போனவர்கள், சம்பளம் வராத ஆசிரியைகள். அவர்களைப் பாசிஸ்டுகள் என்று சொல்ல ஒரு நாக்கு வேண்டும். சோவியத் நாடு இதழையும் ராதுகா பதிப்பகப் புத்தகங்களையும் படித்து வளர்ந்தவன் நான். அந்தச் சமூகம் இப்படி ஏலம் போனதைப் பார்த்தவனுக்கு யார் குற்றவாளி என்று தெரியும்.

தேன்மொழி:

தோழர், நாடாளுமன்றத்தைச் சுட்டது பற்றி உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதே கட்டடத்தைக் காவல் காத்தவர்களில் பர்காஷோவின் ஆட்களும் இருந்தார்கள், துப்பாக்கியோடு, அந்தச் சின்னத்தோடு. தொலைக்காட்சி நிலையத்தைத் தாக்கக் கூட்டத்தைக் கூட்டிப்போன ஜெனரல் மகாஷோவ் பிறகு கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக துமா என்ற நாடாளுமன்றக் கீழவைக்கு வந்தார். 1998இல் அவர் யூதர்களைப் பற்றிப் பகிரங்கமாகப் பேசியதைக் கண்டிக்கும் தீர்மானம் துமாவில் வந்தபோது அதைத் தோற்கடித்தது உங்கள் கட்சிக்காரர்களின் ஓட்டுத்தான். செம்பழுப்பு என்று சொன்னவர்கள் முழுக்கப் புளுகவில்லை.

வைகைக்கரையான் அண்ணா, உங்கள் பதிவில் 1993 டிசம்பர் 12ஐச் சொல்லிவிட்டுப் பாதியை விட்டுவிட்டீர்கள். அன்று வாக்காளர் கையில் இன்னொரு சீட்டும் இருந்தது. புதிய அரசியல் சட்டத்துக்கு ஆம் அல்லது இல்லை. வந்தவர்கள் 54.8 சதவீதம், ஆம் என்றவர்கள் அதில் 58.4. குடியரசுத் தலைவர் ஆணை போட்டே ஆளலாம். பிரதமராக அவர் நிறுத்தும் ஆளை துமா மூன்று முறை மறுத்தால் துமாவையே கலைக்கலாம். அவரைப் பதவி நீக்குவது ஏறக்குறைய முடியாத காரியம். விருந்தில் உட்கார்ந்திருந்த தாராளவாதிகள் ஷிரினோவ்ஸ்கியின் எண்ணைப் பார்த்து அழுதார்கள். இந்தச் சட்டம் நிறைவேறியதைக் கேட்டு நிம்மதியடைந்தார்கள். நாளைக்கு ஒரு பாசிஸ்ட் நாடாளுமன்றத்தைப் பிடித்தாலும் மேலே வலுவான தலைவர் இருப்பாரே என்ற நினைப்பு. மேலேயே நாளைக்கு யார் வருவார் என்று யோசிக்கவில்லை.

என் வாதம் இதுதான். பாசிசம் வந்துவிடும் என்ற பயமே ரஷ்யாவில் எல்லாப் பூட்டுகளையும் கழற்றப் பயன்பட்டது.

பழைய_தோழர்:

மகாஷோவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா. அந்த அரசியல் சட்டத்தைக் கம்யூனிஸ்டுகள் எதிர்த்தார்கள். ஆதரித்து ஓட்டுக் கேட்டவர் ஷிரினோவ்ஸ்கி! 1999 மே மாதம் யெல்த்சினைப் பதவிநீக்கம் செய்ய துமாவில் வாக்கெடுப்பு நடந்தபோது கலந்துகொள்ளாமல் ஒதுங்கி அவரைக் காப்பாற்றியதும் அதே ஷிரினோவ்ஸ்கி கட்சி. வரவுசெலவுத் திட்டம் வந்தால் அரசுக்கு ஓட்டு. மேடையில் சிங்கம். 2022இல் சாகும்வரை அதே பிழைப்புத்தான்.

1996ஐயும் சொல்லாமல் விடக்கூடாது. முந்தைய ஆண்டு 'கடனுக்குப் பங்கு' என்று, அரசு வாங்கும் கடனுக்கு ஆலைப் பங்குகளை அடகு வைக்கும் திட்டம் போட்டு நாட்டின் சொத்தை வங்கிக்காரர்களுக்குத் தாரை வார்த்தார்கள். நோரில்ஸ்க் நிக்கல் ஆலையின் 38 சதவீதப் பங்கு 17 கோடி டாலருக்குப் போனது. வாங்கியவர்கள் கையில்தான் தொலைக்காட்சிகள். 1996 பிப்ரவரியில் மக்கள் ஆதரவே இல்லாமல் கிடந்த யெல்த்சின் ஜூலையில் குடியரசுத் தலைவர் தேர்தலில் 53.8 சதவீதம் வாங்கி ஜெயித்தார். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ஜ்யுகனோவ் வந்தால் சிறை முகாம் திரும்பும், பஞ்சம் வரும் என்று இரவும் பகலும் பயமுறுத்தியே வாங்கிய ஓட்டு.

சும்மா_ஒருத்தன்:

இதற்கு நடுவில் ஒரு காமெடி. 1995 மார்ச்சில் பாசிசத்தை ஒடுக்க யெல்த்சின் ஒரு ஆணை போட்டார். பாசிசம் என்றால் என்ன என்று சட்டத்தில் இல்லை. அறிவியல் அகாடமி வரையறுத்துக் கொடுக்க வேண்டும் என்று அந்த ஆணையிலேயே எழுதினார். அப்போது செச்னியாவில் குண்டு போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது.

வோல்காடாக்டர்:

இதுவரை எல்லாம் துமாவும் கிரெம்ளினுமாகவே போகிறது. 2000களில் வோல்காக் கரையில் ஒரு நகரத்தில் மருத்துவம் படித்தவன் என்ற முறையில் தெருவைப் பற்றிச் சொல்கிறேன்.

நம்ம ஊரிலிருந்து போன பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே சீனியர்கள் சொல்லும் பாடம்: மாலை ஆனதும் தனியாகப் போகாதே, கால்பந்து ஆட்டம் முடிந்து கூட்டம் வரும் மெட்ரோவில் ஏறாதே, மொட்டைத் தலையும் தடித்த பூட்ஸும் கண்டால் சாலையைக் கடந்துவிடு. ஏப்ரல் 20 ஹிட்லரின் பிறந்தநாள். அதை ஒட்டிய நாட்களில் விடுதியை விட்டு வெளியே வராதீர்கள் என்று நிர்வாகமே சொல்லும். அரிசி, பருப்பு, முட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வோம். எங்கள் மாடியில் இருந்த ஒரு பையனைப் பேருந்து நிறுத்தத்தில் அடித்துத் தாடையை உடைத்தார்கள். புகாரில் 'குடிபோதைத் தகராறு' என்று எழுதிக்கொண்டார்கள். அவன் குடிப்பவனே இல்லை.

நாங்கள் தப்பித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். 2006இல் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு இந்திய மருத்துவ மாணவர் குத்திக் கொல்லப்பட்டார். 2004இல் அதே நகரில் ஒன்பது வயது தஜிக் சிறுமி, அப்பாவோடு வீட்டுக்குப் போகும் வழியில். மத்திய ஆசியாவிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள்தான் அதிகம் செத்தார்கள். இவற்றைக் கணக்கெடுத்த சோவா மையத்தின் பட்டியலில் 2008ஆம் ஆண்டில் மட்டும் கொலைகள் நூறை ஒட்டி இருக்கும். நாஜி வழக்குகளில் நிபுணராகச் சாட்சி சொன்ன நிகொலாய் கிரென்கோ என்ற இனவரைவியலாளரை 2004இல் அவர் வீட்டுக் கதவுக்கு வெளியே நின்று துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார்கள். பாசிச எதிர்ப்பு வழக்கறிஞர் மார்கெலோவையும் இளம் பத்திரிகையாளர் பபூரோவாவையும் 2009 ஜனவரியில் மாஸ்கோவின் நடுவில், பட்டப்பகலில்.

மே 9 கதையெல்லாம் சரிதான், சும்மா_ஒருத்தன். அந்தப் பையன்களின் தாத்தாக்களும் பெர்லின் வரை போனவர்கள்தான்.

வைகைக்கரையான்:

டாக்டர், படிக்கவே சங்கடமாக இருக்கிறது. ஆனால் இப்போது அந்த மாதிரிச் செய்திகள் அதிகம் கண்ணில் படுவதில்லையே? அந்தக் கூட்டம் என்ன ஆனது?

தேன்மொழி:

அரசு அவர்களை மூன்று விதமாகக் கையாண்டது. கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

முதலில் போட்டிக்கு ஆள் வைத்தார்கள். 2003 தேர்தலுக்குச் சில மாதம் முன்பு கிரெம்ளின் ஆசியோடு 'ரோதினா' என்ற கட்சி முளைத்தது. கம்யூனிஸ்ட் ஓட்டைப் பிரிப்பதுதான் வேலை. 9 சதவீதம் வாங்கியது. அப்புறம் சொன்ன பேச்சைக் கேட்காமல் தானாக வளரப் பார்த்தது. 2005 மாஸ்கோ தேர்தலில் காக்கசஸ் மக்களைக் காட்டி நகரத்தின் குப்பையை அகற்றுவோம் என்று ஒரு விளம்பரம் போட்டார்கள். இனவெறி என்று நீதிமன்றம் அவர்களைத் தேர்தலிலிருந்தே நீக்கியது. புகார் கொடுத்தது யார் தெரியுமா? ஷிரினோவ்ஸ்கி கட்சி!

அதே ஆண்டில் கிரெம்ளின் 'நாஷி' என்ற இளைஞர் அமைப்பைத் தொடங்கியது. அதிகாரப்பூர்வப் பெயரிலேயே பாசிச எதிர்ப்பு என்று உண்டு. அவர்கள் பாசிஸ்டுகள் என்று துரத்தியது பெரும்பாலும் எதிர்க்கட்சிக்காரர்களையும் எஸ்தோனியத் தூதரையும்தான். அதே 2005இல் நவம்பர் 7 புரட்சி நாள் விடுமுறையை எடுத்துவிட்டு நவம்பர் 4ஐத் தேசிய ஒற்றுமை நாள் ஆக்கினார்கள். முதல் ஆண்டே அந்த நாளைத் தீவிரத் தேசியவாதிகள் 'ரஷ்ய அணிவகுப்பு' என்று பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு, 2010 டிசம்பர் 11 அன்று கிரெம்ளின் மதிலுக்கு வெளியே மனேஜ் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கான கால்பந்து ரசிகர்களும் நாஜிகளும் திரண்டு கலவரம் செய்தபோதுதான் மேலிடத்துக்கு உறைத்தது. செத்தது தஜிக் கூலியாட்கள் என்றவரை தூங்கிய போலீஸ், மதிலுக்குப் பக்கத்தில் கூட்டம் வந்ததும் எழுந்துகொண்டது. தலைவர்கள் வரிசையாக உள்ளே போனார்கள்.

மிச்சம் இருந்தவர்களுக்கு 2014இல் கிழக்கு உக்ரைனின் தொன்பாஸ் போர் வேலை கொடுத்தது. வேடிக்கை என்னவென்றால் ரஷ்ய நாஜிகள் இரண்டு பக்கமும் போய்ச் சண்டை போட்டார்கள். 'ருசிச்' மாதிரிக் குழுக்கள் ரஷ்யாவின் பக்கம். அப்போது அது குற்றமாகத் தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை:

தேன்மொழி சொன்னது எல்லாம் நடந்தவைதான். ஆனால் அதிலிருந்து 'வேறு வாசலில் பாசிசம் வந்தது' என்று போவதில் எனக்கு உடன்பாடில்லை. பாசிசம் என்றால் மக்களை வீட்டிலிருந்து தெருவுக்கு இழுக்கும். கட்சி, சீருடை, ஓயாத கூட்டம், புதிய மனிதனை உருவாக்குகிறோம் என்ற வெறி. புதினின் முதல் 20 ஆண்டுகள் இதற்கு நேர் எதிர். எண்ணெய் விலை ஏறியது, சம்பளம் வந்தது, வீட்டுக்கடன் கிடைத்தது, துருக்கிக்குச் சுற்றுலா. பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான்: அரசியல் பேசாமல் டிவி பாருங்கள். இதைச் சர்வாதிகாரம் என்று சொல்லுங்கள், திருடர் ஆட்சி என்று சொல்லுங்கள். எல்லாக் கொடுங்கோன்மைக்கும் ஒரே முத்திரை குத்தினால் எதையும் பிரித்துப் பார்க்க முடியாது.

ஆய்வாளர்களுக்குள்ளும் இந்தச் சண்டை உண்டு. 2022 உக்ரைன் போருக்குப் பிறகு டிமோதி ஸ்னைடர் ரஷ்யாவைப் பாசிச நாடு என்றே சொல்ல வேண்டும் என்று எழுதினார். மார்லின் லருயெல் அந்த முத்திரை விளக்குவதைவிட மறைப்பதே அதிகம் என்கிறார். நான் இரண்டாமவர் பக்கம்.

தேன்மொழி:

கணக்குப்பிள்ளை அண்ணா, முசோலினியையும் ஹிட்லரையும் தெருக்கூட்டம் நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. 1922இல் அரசர் விக்டர் இம்மானுவேல் கூப்பிட்டார். 1933 ஜனவரி 30 அன்று ஹிண்டன்பர்க் கூப்பிட்டார். 1932 நவம்பர் தேர்தலில் நாஜி ஓட்டு 33 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. பழைய மேட்டுக்குடி கதவைத் திறக்காவிட்டால் கூட்டம் வாசலிலேயே நின்றிருக்கும். ரஷ்யாவில் மேட்டுக்குடிக்கு வெளி ஆளே தேவைப்படவில்லை. உளவுத்துறையில் இருந்து வந்த புதினை அவர்களே 1999 ஆகஸ்டில் பிரதமராக்கினார்கள். அடுத்த மாதம் அடுக்குமாடிகளில் குண்டு வெடித்துச் சுமார் 300 பேர் செத்தார்கள். இரண்டாம் செச்னியப் போர். டிசம்பர் 31 அன்று யெல்த்சின் விலகினார். 1993இல் தைத்து வைத்த அரசியல் சட்டம் என்ற சட்டை புதினுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

கருத்தியல் எங்கே என்று கேட்பீர்கள். 1933இல் நாஜிகளைப் புகழ்ந்து எழுதிய இவான் இலியின் என்ற புலம்பெயர்ந்த தத்துவவாதியின் எலும்பை 2005இல் மாஸ்கோவுக்குக் கொண்டுவந்து புதைத்தார்கள். 2022 செப்டம்பர் 30 அன்று உக்ரைனின் நான்கு மாகாணங்களை இணைத்துக்கொண்ட உரையைப் புதின் அதே இலியினின் வரிகளோடு முடித்தார். நாஜிகளை ஒழிக்கிறோம் என்று தொடங்கிய போரில்!

பழைய_தோழர்:

மற்ற நாடுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ருமேனியாவில் 2000ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் தீவிரத் தேசியவாதி வதீம் துதோர் இரண்டாம் சுற்று வரை வந்து 33 சதவீதம் வாங்கினார். ஹங்கேரியில் 2007இல் சீருடைப் படை தெருவுக்கு வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ரோமா மக்கள் ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். 2010இல் தீவிர வலதுசாரி யொப்பிக் கட்சிக்குக் கிட்டத்தட்ட 17 சதவீதம். பொதுச் சொத்தை ஏலம் விட்ட இடமெல்லாம் இதுதான் விளைந்தது.

கணக்குப்பிள்ளை:

எல்லா இடத்திலும் இல்லை தோழர். ஸ்லோவேனியாவும் அதே சோஷலிசத்திலிருந்து வந்ததுதான். ஹங்கேரியில் யொப்பிக் ஆட்சிக்கு வரவில்லை. அவர்கள் பேசியதில் பாதியை 2010இல் பிரதமரான ஓர்பான் எடுத்துக்கொண்டார். அந்த அளவில் தேன்மொழிக்கு அது தோதான உதாரணம், உங்களுக்கு இல்லை.

வோல்காடாக்டர்:

எனக்கு ஒரு சந்தேகம். போர் முடிந்து லட்சக்கணக்கில் சிப்பாய்கள் திரும்புவார்கள். சிறையிலிருந்து எடுத்துப் போரில் விட்டவர்களும் அதில் உண்டு. 1919 ஜெர்மனியில் திரும்பிவந்த படைவீரர்கள்தானே கூலிப்படையானார்கள்? உண்மையான வைமார் இனிமேல்தான் என்று படுகிறது. நம்ம பிள்ளைகள் இன்னும் ஆயிரக்கணக்கில் அங்கே படிக்கிறார்கள், அதனால்தான் கேட்கிறேன்.

தேன்மொழி:

அரசுக்கும் அந்தப் பயம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் போரிலிருந்து வந்தவர்களை அதிகாரிகளாகப் பயிற்றுவிக்கும் திட்டத்தைப் புதின் அறிவித்தார். கவனிக்க வேண்டியது வேறு. அந்த ஆண்டு மார்ச் 22 அன்று மாஸ்கோ அருகே குரோக்கஸ் இசை அரங்கத் தாக்குதலில் 140க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிடிபட்டவர்கள் தஜிக்குகள். அதற்குப் பிறகு குடியேறிகள் மீது பெரிய வேட்டை. 'ரஷ்யச் சமூகம்' என்ற பெயரில் ஒரு அமைப்பு ஊருக்கு ஊர் கிளை வைத்து விடுதிகளிலும் சந்தைகளிலும் சோதனைக்குப் போகிறது, பல இடங்களில் போலீசோடு சேர்ந்து. உங்கள் காலத்து மொட்டைத் தலையன் போலீசைப் பார்த்தால் ஓடினான், டாக்டர்.

கணக்குப்பிள்ளை:

ஆனால் அந்த அமைப்பும் வாலை ஆட்டும்வரைதான். வாக்னர் கூலிப்படைத் தலைவர் பிரிகோஷின் 2023 ஜூனில் மாஸ்கோ நோக்கிப் படையை நகர்த்தினார், ஆகஸ்டில் விமானம் விழுந்து செத்தார். தொன்பாஸ் போரைத் தொடங்கி வைத்ததாகப் பெருமை பேசிய கிர்கின், போரைச் சரியாக நடத்தவில்லை என்று புதினைத் திட்டியதும் தீவிரவாதத்துக்குத் தூண்டினார் என்று நான்கு ஆண்டு சிறை. தானாக நிற்கும் எந்த இயக்கத்தையும், தனக்கு ஆதரவானதாக இருந்தாலும், இந்த அரசு விடாது. அதனால்தான் இதைப் பாசிசம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

தேன்மொழி:

1934இல் ஹிட்லர் தன் புயல் படைத் தலைவர் ரோமையே சுட்டுக் கொன்றார், அண்ணா.